சிப்பி நகைக்கு மெருகா, மெழுகா, சும்மா விடுவதா?

இராமேசுவரத்திலோ கன்னியாகுமரியிலோ கடற்கரைக் கடையில் ஆசையாக வாங்கிய சிப்பித் தோடு, இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் மங்கிப்போவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். உடனே எழும் கேள்வி, "மேலே எதைப் பூசலாம்?" என்பதுதான். நகப்பூச்சு, தேங்காயெண்ணெய், மெழுகு, ரெசின் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்கும் அந்தக் கேள்வி எழுந்தது. விடை தேடிப் போனபோது, பூசுவதைப் பற்றிய முடிவைவிட வைக்கும் இடத்தைப் பற்றிய முடிவு பெரியது என்பது தெரிந்தது.

என் வீட்டில் இவ்வகையில் மூன்று பொருள்கள் இருக்கின்றன. முத்துச்சிப்பி வில்லைகள் தொங்கும் ஒரு சோடிக் கவரிங் தோடு. மகளின் பள்ளிக் கிராமிய நடனத்துக்காகச் சோழிகளைத் தைத்துச் செய்த இடைப்பட்டை. சில ஆண்டுகள் கொல்கத்தாவில் இருந்தபோது வாங்கிய ஒரு சோடிச் சங்கு வளையல். சென்ற ஐப்பசியில் ஒப்பனை மேசையின் பிளைவுட் இழுப்பறையைத் திறந்தபோது, இடைப்பட்டையின் சோழிகள்மேல் அரிசி மாவு தூவினாற்போல வெள்ளை படிந்திருந்தது. விரலால் துடைத்தால் மாவு போயிற்று. ஆனால் அடியில் சோழிக்கே உரிய வழவழப்பு இல்லை, நகத்தை ஓட்டினால் சொரசொரத்தது. முந்தைய ஆண்டு பாதிச் சோழிகளுக்கு நிறமற்ற நகப்பூச்சு அடித்து வைத்திருந்தேன். அவற்றில் பூச்சு மஞ்சளித்து, விளிம்பில் தோலாக எழும்பி, அந்தத் தோலுக்கு அடியிலும் வெள்ளை புகுந்திருந்தது. அதே இழுப்பறையில் இருந்த தோட்டில், கொக்கி சிப்பியைத் தொடும் இடத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. இரும்புப் பீரோவில் பருத்தித் துணியில் சுற்றிக் கிடந்த சங்கு வளையலுக்கு மட்டும் எதுவுமே ஆகவில்லை. ஒரே வீடு, ஒரே ஈரக்காற்று. ஆனாலும் இந்த வேற்றுமை.

இதைப் புரிந்துகொள்ளச் சிப்பி எதனால் ஆனது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கையில் எடுத்தால் கல்லைப் போலக் குளிர்ந்து கனப்பதால், அதைக் கல் என்றே நடத்துகிறோம். ஆனால் கிளிஞ்சலைச் சூளையில் சுட்டுத்தான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எடுத்தார்கள். செட்டிநாட்டு வீடுகளின் வழவழத்த சுவர்ப்பூச்சுக்கும் கிளிஞ்சல் சுண்ணாம்பு சேர்ந்தது. சுருங்கச் சொன்னால் சிப்பி என்பது சுடாத சுண்ணாம்பு. அதன் எடையில் ஏறத்தாழ 95 விழுக்காடோ அதற்கு மேலோ கால்சியம் கார்பனேட்; எஞ்சிய சிறு பங்கு அதைப் பிணைத்து நிற்கும் புரதம். முத்துச்சிப்பியின் உட்புறத்தில் அரை மைக்ரான் அளவே தடிமன் கொண்ட நுண்ணிய தட்டுகள் செங்கல் சுவர்போல அடுக்கப்பட்டு, இடையில் புரதம் சாந்தாக நிற்கிறது. அத்தட்டுகளின் தடிமன் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவில் இருப்பதால்தான் இளஞ்சிவப்பும் பச்சையும் மாறி மாறித் தெரிகின்றன. சுண்ணாம்புக்குப் பகை அமிலம். புரதத்துக்குப் பகை அதிக வெப்பமும் அதிக வறட்சியும் சலவைக்காரமும். எந்தப் பராமரிப்பு முறையையும் இந்த இரண்டையும் வைத்தே எடைபோட வேண்டும்.

முதலில் கழுவுவது. இதில் நம் வீட்டு வழக்கங்களே பெரும்பாலும் எதிரி. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிப் பழகிய கை, மங்கிய சங்கையும் புளியில் ஊறப்போடும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைப்பது போலவே சிப்பியின் மேற்பரப்பையும் கரைக்கும்; எலுமிச்சையும் வினிகரும் அப்படித்தான். வினிகரில் விழுந்த சிப்பியைச் சுற்றி மொய்க்கும் குமிழிகள் அழுக்கு கழன்று வருவதைக் காட்டுபவை அல்ல. சிப்பியே வாயுவாகப் போய்க்கொண்டிருப்பதைக் காட்டுபவை. என் மாமியார், "பூந்திக்கொட்டை போட்டுக் கழுவும்மா, தங்கமே பளிச்சின்னு வருதே" என்றார். தங்கத்துக்கு அது சரி. தங்கம் எந்த மென்னமிலத்துக்கும் அசையாது. ஆனால் பூந்திக்கொட்டைக் கரைசல் சற்றே அமிலத்தன்மை கொண்டது; அதில் இரவு முழுக்க ஊறவைப்பது முத்துச்சிப்பிக்கு ஆகாது. பற்பசையில் உரசித் தேய்க்கும் தூள் இருக்கிறது. கறை போகும், கூடவே மெருகும் போகும். பிளீச்சிங் பவுடர் கரைசல் சிப்பியை வெளுக்கச் செய்வது உண்மையே. ஆனால் அது அரித்துத் தின்பது சாந்தாக நிற்கும் புரதத்தை.

"பட்டறையிலேயே சங்கை அமிலத்தில் முக்கித்தானே எடுக்கிறார்கள்?" என்று கேட்கலாம். உண்மைதான்; கடலிலிருந்து வந்த சங்கின் பழுப்பு வெளித்தோலை நீக்க அப்படி ஒரு கணம் முக்கி எடுக்கும் வழக்கம் உண்டு. அங்கே இழப்பதற்குத் தடித்த மேலோடு இருக்கிறது, பிறகு தீட்டி மெருகேற்றக் கையும் எந்திரமும் இருக்கின்றன. நகையாகி நம்மிடம் வந்து சேரும் மெல்லிய வில்லையில் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆகவே கழுவும் முறைகளில் எனக்குத் தேறியது ஒன்றுதான். ஒரு கிண்ணம் நீரில் குழந்தைகளுக்கான ஷாம்பு ஒரு துளி விட்டு, அதில் மென்மையான துணியை நனைத்துப் பிழிந்து துடைப்பது. அடுத்து வெறும் நீரில் நனைத்த துணியால் துடைப்பது. பிறகு நிழலில் ஒரு நாள் பரப்பி உலர்த்துவது. ஊறவைக்க வேண்டியதில்லை, ஊறினால் தட்டடுக்குகளுக்கிடையே நீர் புகும், பசை இளகும், நூல் உப்பும். உலர்ந்த துணியால் வெறுமனே துடைப்பதும் நல்லதன்று. தெருத்தூசியில் இருக்கும் மணல்துகளின் கடினம் மோ அளவுகோலில் 7. சிப்பியுடையது 4க்கு மேல் போகாது. வறண்ட துணி அந்தத் துகளை உப்புத்தாள்போல இழுத்துக்கொண்டு போகும். ஆழ்துளைக் கிணற்று நீர் வெள்ளைத் திட்டு விடுமாதலால், பெட்ரோல் நிலையத்திலோ பேட்டரிக் கடையிலோ கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரைக் கடைசித் துடைப்புக்கு வைத்துக்கொள்கிறேன். அதே கடையில் பேட்டரி அமிலமும் அதே மாதிரிக் குப்பியில் கிடைக்கும் என்பதால் லேபிளை இருமுறை படித்துவிட்டு வாங்குவது நலம்.

இனி பூச்சு. இங்கே எல்லாச் சிப்பியும் ஒன்றல்ல என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். சோழியும் மெருகேற்றிய சங்கும் பீங்கான்போல இறுகிய மேற்பரப்பு உடையவை. சங்கினத்து ஓடுகளில் பொதுவாக நுண்ணிய இழைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக அடுக்கப்பட்டிருப்பதால், விரிசல் விழுந்தாலும் எளிதில் ஓடாது. மன்னார் வளைகுடாச் சங்கு கொல்கத்தாவுக்குப் போய் வளையலாகி, மணமான வங்காளப் பெண்களின் கையில் சமையலறை, துவையல் எல்லாவற்றுக்கும் ஈடுகொடுப்பது இந்த உறுதியால்தான். முத்துச்சிப்பி அடுக்கு அடுக்காக உரியக்கூடியது. சன்னல் சிப்பி எனப்படும் ஒளி ஊடுருவும் தகட்டுச்சிப்பி அதைவிட மெல்லியது. இளஞ்சிவப்பும் நீலமுமாகச் சாயமேற்றிய சிப்பிகள் தனி வகை. அவற்றில் எந்தக் கரைப்பானும் படக்கூடாது.

ஒன்றும் பூசாமல் விடுவது சோம்பேறித்தனமாகத் தோன்றலாம். ஆனால் சோழிக்கும் சங்குக்கும் அதுவே முதல் தேர்வு. இயற்கையான வழவழப்பின்மேல் எதைப் பூசினாலும் அதைவிடக் குறைவான ஒன்றைத்தான் பூசுகிறோம். வியர்வை பட்ட அன்றே ஈரத்துணியால் துடைக்கும் பழக்கம் உள்ளவருக்கு இது போதும். அந்தப் பழக்கம் இல்லாதவருக்குப் போதாது.

எண்ணெய் தடவுவது மிக எளிது, பலன் உடனே தெரியும். கடையில் நம்மை மயக்கிய ஈரப் பளபளப்பும் பல நேரம் எண்ணெயின் வேலையே. தேங்காயெண்ணெய் நாள்பட்டால் காறும். காறும்போது கொழுப்பு அமிலங்கள் பிரியும். தூசியையும் இழுத்து ஒட்டவைக்கும். பேபி ஆயில் எனப்படும் கனிம எண்ணெய் காறுவதில்லை, சிப்பியோடு வினைபுரிவதும் இல்லை. ஒரு துளியைப் பஞ்சில் தொட்டுத் தடவி, ஐந்து நிமிடத்தில் அழுந்தத் துடைத்துவிட்டால் சில வாரம் பொலிவாக இருக்கும். இரண்டு குறைகள்: பட்டுப் புடவையில் கறை படியும், எண்ணெய் ஏறிய இடத்தில் பின்னாளில் பசை பிடிக்காது. ஒட்டுவேலை உள்ள நகைக்கு எண்ணெயே வேண்டாம் என்பேன்.

நிறமற்ற நகப்பூச்சு எல்லா வீட்டிலும் இருப்பதால் கை முதலில் அதற்குத்தான் போகிறது. அது நைட்ரோசெல்லுலோஸ் அடிப்படையிலான பூச்சு. நாளடைவில் மஞ்சளிக்கும், உதிரும். உள்ளே சிறிது ஈரம் இருக்கும்போது பூசிவிட்டால் அந்த ஈரம் பூச்சுக்கடியில் அடைபட்டுவிடும். என் சோழிகளுக்கு நேர்ந்தது இதுவாகவே இருக்க வேண்டும். நான் கழுவிய மாலையே பூசினேன். எடுக்க வேண்டுமானால் அசிட்டோன் தேவை. அது சிப்பியை ஒன்றும் செய்யாது என்றாலும், ஒட்டிய பசையையும் ஏற்றிய சாயத்தையும் பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் மணியையும் சேர்த்துக் கரைக்கும். நகப்பூச்சுக்கு நான் கொடுக்கும் ஒரே இடம் காதுக்குள் போகும் உலோகக் கம்பி. கவரிங் ஒத்துக்கொள்ளாமல் அரிக்கும் காதுக்கு அது சில வாரம் தடுப்பாக நிற்கும். பிறகு மீண்டும் பூச வேண்டும்.

ரெசினில் முழுக்கி எடுப்பது திரும்பிவர முடியாத முடிவு. நொறுங்கும் நிலையிலுள்ள மெல்லிய ஓட்டைப் பதக்கமாக்க வேறு வழியில்லை என்றால் செய்யலாம். எப்பாக்சி ரெசின் வெயில் பட்டு மஞ்சளாகும். அப்போது அதைக் கழற்றவும் முடியாது.

மெழுகுக்கு வருவோம். தேன்மெழுகு கையில் கிடைப்பது, மணமும் நன்று. ஆனால் அதிலேயே கட்டற்ற கொழுப்பு அமிலங்கள் கணிசமாக உண்டு என்பதால் அருங்காட்சியகப் பராமரிப்பாளர்கள் பெட்ரோலியத்திலிருந்து வரும் நுண்படிக மெழுகையே விரும்புகிறார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆய்வகத்தில் 1950களில் உருவான ரெனைசன்ஸ் மெழுகு இந்த வகையில் பெயர்பெற்றது; இந்தியாவில் இணையக் கடைகளில் கிடைக்கிறது, விலை கூடுதல். ஒரு சிறு டப்பா பல ஆண்டுகளுக்கு வரும். மிளகளவு மெழுகைத் துணியில் தொட்டு, கண்ணுக்குத் தெரியாத படலமாகத் தேய்த்து, பத்து நிமிடம் கழித்துத் துடைத்தெடுத்தால் ஒட்டாது, மஞ்சளிக்காது, வேண்டாமென்றால் பெயிண்ட் கரைக்கப் பயன்படும் ஒயிட் ஸ்பிரிட்டில் கரைத்து எடுத்துவிடலாம். மேற்பரப்பு ஏற்கெனவே சொரசொரத்துப்போன சிப்பிக்கும், அடிக்கடி அணியும் முத்துச்சிப்பிக்கும் நான் தேர்ந்தெடுப்பது இதையே. ஆண்டுக்கு இரண்டு முறைக்குமேல் பூச அவசியமில்லை.

இத்தனையும் சொன்ன பிறகும், எந்தப் பூச்சும் என் சோழிகளைக் காப்பாற்றியிருக்காது. ஏனெனில் அந்த வெள்ளை மாவு பூசணமோ கடலுப்போ அன்று. பூசணம் என்றால் முடை நாற்றம் வரும். உப்பு என்றால் ஈரத்துணியில் கரைந்து போய் அடியில் வழவழப்பு அப்படியே இருக்கும். கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தபோது குத்துக்குத்தாக ஊசிகள்போல நின்றன. சிப்பிச் சேகரிப்பாளர்கள் இதை 'பைன் நோய்' என்று அழைக்கிறார்கள். 1899இல் லாஃப்டஸ் பைன் என்ற ஆங்கிலேயர் இதைப் பற்றி எழுதினார். பாக்டீரியாதான் காரணம் என்று அவர் கருதியது தவறாகப் போனாலும் பெயர் நிலைத்துவிட்டது. 1985இல் டெனன்ட், பேர்ட் என்ற ஆய்வாளர்கள் அந்தப் படிகங்களைச் சோதித்து, ஓக் போன்ற மரப்பெட்டிகளிலிருந்து கசியும் அசிட்டிக், ஃபார்மிக் அமில ஆவிகள் ஈரக்காற்றின் துணையோடு ஓட்டைத் தின்று கால்சியம் உப்புகளாக மாற்றுவதை நிறுவினார்கள். இதற்குச் சிப்பியில் கிருமி வேண்டாம், பக்கத்தில் மரம் இருந்தால் போதும்.

பிளைவுட்டும், மரத்தூளைப் பசையிட்டு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையும் சாதா மரத்தைவிட மோசம்; அவற்றை ஒட்டும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வெளியேறிக்கொண்டே இருக்கிறது, அது ஃபார்மிக் அமிலமாக மாறக்கூடியது. புது அலமாரியைத் திறந்தால் கண்ணைக் கரிக்கும் வாடை அதுதான். சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தொடுவது சாதாரணம். இழுப்பறை மூடியே கிடப்பதால் ஆவி எங்கும் போகாது. மூன்று ஆண்டுகள் நான் சோழிகளை ஏறத்தாழ ஒரு மென்னமிலத் தொட்டியில் வைத்திருந்திருக்கிறேன்.

ஆகவே வைக்கும் இடங்களை இப்படித் தரம் பிரிக்கிறேன். எனாமல் பூசிய இரும்புப் பீரோவும் எவர்சில்வர் டப்பாவும் முதல் தரம். உணவுப்பொருள் வைக்கும் பாலிப்ரொப்பிலீன் டப்பாவும் அதே வரிசை. தேக்கு நகைப்பெட்டி பார்வைக்கு அழகு, ஆனால் எல்லா மரமும் ஓரளவு அமில ஆவி விடும். அதிலேயே வைப்பதானால் அடிக்கடி திறந்து காற்றாட விட வேண்டும். கடையில் கொடுக்கும் அட்டைப்பெட்டியும் வெல்வெட் ஒட்டிய பெட்டியும் வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு மட்டும்தான். ரெக்சின் பை வேண்டவே வேண்டாம், அது பெரும்பாலும் நாள்பட்டால் அமில ஆவி விடக்கூடிய பி.வி.சி. பிளாஸ்டிக். உறையாகப் பலமுறை துவைத்த பழைய வேட்டித் துணியைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

ஜிப்லாக் உறை பற்றி மட்டும் தயக்கம் உண்டு. கவரிங் நகையைக் காற்றுப்புகாமல் வைத்தால் கறுக்காது என்பது சரியான அறிவுரை. ஆனால் சிப்பியும் கவரிங்கும் சேர்ந்த நகையில், முழுதும் உலராத சிப்பியைப் பூட்டினால் உள்ளே அடைபடும் ஈரம் உலோகத்தை அரிக்கும். என் தோட்டின் பச்சைக் களிம்புக்குச் சரியாகக் கழுவாமல் விட்ட கடலுப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். துளையிட்ட இடத்தில் தங்கும் உப்பு செம்பையும் பித்தளையையும் விடாது. எனவே நூலோ பசையோ இல்லாத புதுச்சிப்பியை மட்டும், கோப்பதற்கு முன்பு, நல்ல நீரில் ஒரு நாள் போட்டு இரண்டு மூன்று முறை நீர் மாற்றி எடுப்பது பயன் தரும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போதும்; ஐந்தாறு போட்டு வறட்டினால் முத்துச்சிப்பி வெடிக்கும்.

பழுது பார்ப்பதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. உடனே ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசை, ஒட்டிய இடத்தைச் சுற்றி வெண்பனி படிந்ததுபோலக் கறை விடும், அசைவில் சட்டென்று விடும். இரண்டு குழாய்களைக் கலந்து பூசும் எப்பாக்சி பசை ஓர் இரவு காத்திருக்கச் சொல்லும். ஆனால் பதக்கத்தின் முதுகில் கொக்கி ஒட்ட அதுவே தகும். வெள்ளைப் பசை வியர்வையில் இளகும். நூலைப் பொறுத்தவரை, சிப்பியின் துளை விளிம்பு கத்திபோல இருப்பதால் பருத்தி நூல் தேயும். தூண்டில் தங்கூஸ் உறுதியானது என்றாலும் நாள்பட்டால் விறைத்து ஒடியும். கியர் வயர் எனப்படும் நைலான் உறையிட்ட மெல்லிய எஃகுக் கம்பி கனமான மாலைக்குப் பொருத்தம். மணிக்கு மணி முடிச்சிட்டுக் கோத்தால், அறுந்தாலும் ஒரு மணிதான் உருளும். உடைந்த துண்டுக்கு மாற்று வாங்கும்போது, நாட்டிலஸ் போன்ற சில இனங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2001இலிருந்து பாதுகாக்கப்படுபவை என்பதையும், கடையில் இருப்பதாலேயே அவை வாங்கத்தக்கவை ஆகிவிடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆடையில் தைத்த சோழிக்கு வேறு சிக்கல் இருக்கிறது. துணி துவைக்கப்பட வேண்டியது, சோழி துவைக்கப்படக்கூடாதது. இயந்திரத்தில் போட்டால் சோழிகள் ஒன்றோடொன்று மோதி முதுகு சிதறும். ஒவ்வொரு முறையும் பிரித்துத் தைக்க யாருக்கும் பொழுதில்லை. ஈரத்துணியால் ஒற்றியெடுப்பது வியர்வை ஊறிய பட்டைக்குப் போதாது. நடனம் ஆடி முடித்த உடம்பின் வியர்வையில் உப்போடு லாக்டிக் அமிலமும் இருப்பதால், மூட்டை கட்டி அடுத்த ஆண்டுவிழாவரை வைப்பது கெடுதல். இம்மூன்றையும் விட்டு, சோழிகளைத் தனிப்பட்டையில் தைத்து, அந்தப் பட்டையை அழுத்துப் பித்தானால் ஆடையில் மாட்டும்படி தையற்காரரிடம் மாற்றிக்கொண்டேன். ஆடை வாளிக்குப் போகிறது. பட்டை அன்றிரவே ஈரத்துணித் துடைப்புக்குப் போகிறது.

வெள்ளை பூத்த சோழிகளை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த பஞ்சால் துடைத்து, இரண்டு நாள் மின்விசிறிக்கடியில் உலர்த்தினேன். நகப்பூச்சு உரிந்தவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து அசிட்டோனில் துடைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போயிற்று. தின்னப்பட்ட ஓடு திரும்ப வளராது. எனவே சொரசொரத்த பதினொன்றை மெழுகிட்டுப் பட்டையின் பின்புறத்துக்கு மாற்றித் தைத்தேன். தோட்டுக்கு மெழுகோடு எவர்சில்வர் கொக்கியும் மாற்றியாயிற்று. வளையலுக்கு ஒன்றும் செய்யவில்லை. மூன்றும் இப்போது இரும்புப் பீரோவின் நடுத்தட்டில் வேட்டித் துணியில் இருக்கின்றன. பிளைவுட் இழுப்பறையில் ரிப்பனும் ஹேர்பின்னும் கிடக்கின்றன.